சீட்டு அனுப்பியது நான்தான்

அண்ணனின் முப்பதாம் நாள் பூசைக்கு நாங்கள் மூன்று பேரும் பாம்பன் போயிருந்தோம். பூசை முடிந்ததும் அவர் வீட்டு முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். ஒருவர் சிக்கல் கிராமத்தில் விவசாயம் பார்ப்பவர், இன்னொருவர் அரசுப் பேருந்து ஓட்டுநர். நான் தொண்டிக்காரன். ராமநாதபுரத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். எங்களை ஒன்றாக உட்காரவைக்க, நாங்கள் அண்ணன் என்று கூப்பிட்ட அவரைத் தவிர வேறு காரணம் எதுவும் கிடையாது.

மாதாகோயில் பேண்டில் சாக்ஸபோன் பழகிச் சென்னைக்குப் போனவர் அவர். அங்கே ஸ்டூடியோக்காரர்கள் கூப்பிட்டதெல்லாம் பேஸ் கிட்டார் வாசிக்கத்தான். பாட்டுக்கு அடியில் தும்தும் என்று ஓடுமே, அதில் எத்தனையோ அவர் விரல்தான். எந்த அட்டையிலும் பேர் வராது. சாக்ஸபோன் ஆசையை அடக்க முடியாமல் ஜாஸும் ஃபங்க்கும் கலந்து ஆறு உருப்படி வாசித்து ஒரே ஒரு கேசட் போட்டார். யாரும் சீண்டவில்லை. நாங்கள்தான் சீண்டினோம். சவூதியில் வேலை பார்த்த காலத்தில், எட்டுப் பேர் படுக்கும் அறையில் அதைப் போட்டுவிட்டு நான் வாங்கிய திட்டுக்கு அளவில்லை.

மூன்றாவது உருப்படியில் ஒரு நீளமான ஓட்டம் உண்டு. முழுவதும் ஒரே மூச்சு. அது தொடங்கும்போது நாங்களும் மூச்சைப் பிடிப்போம். அவர் முடிக்கும்வரை விடக் கூடாது. ஒருநாளும் நாங்கள் ஜெயித்ததில்லை. ஓட்டுநர் வண்டி ஓட்டும்போதும் இதைச் செய்வார், நல்லவேளை பயணிகளுக்குத் தெரியாது.

கடைசிக் காலத்தில் அண்ணன் ஊருக்கே வந்து, ராமநாதபுரத்து ஆர்கெஸ்ட்ரா ஒன்றில் பேஸ் வாசித்தார். எந்தக் கல்யாணத்தில் கச்சேரி என்றாலும், அழைப்பு இருக்கிறதோ இல்லையோ, போய்விடுவோம். மேடைக்கு ஒரு துண்டுச் சீட்டு அனுப்புவோம். அதில் ‘மூணு’ என்று மட்டும் இருக்கும். கிட்டாரை இறக்கிவைத்துவிட்டுச் சாக்ஸபோனை எடுப்பார்.

போன வருஷம் ஒருநாள் செல்போனைச் சரிசெய்யக் கடைக்கு வந்தார். படி ஏறியதற்கே உட்கார்ந்து ஆசுவாசப்படுத்திக்கொண்டார். நுரையீரல் சரியில்லை என்றார்.

“டாக்டர் இனிமே ஊதக் கூடாதுன்னுட்டாருப்பா. கச்சேரிக்கு அந்தச் சாக்ஸபோன் பெட்டிய வீட்ல விட்டுட்டு வரவும் மனசு கேக்கல. கூட்டாளிககிட்டச் சொல்லி வையி, சீட்டு அனுப்பாதீகன்னு. வந்துச்சுன்னா வாசிச்சிருவேன். எனக்கு மாட்டேன்னு சொல்ல வராது.”

சரிண்ணே என்றேன். கையில் இருந்த செல்போனின் மூடியைக் கழற்றிக்கொண்டே சொன்னேன். அடுத்த வாரம் ஓட்டுநரின் மகள் கல்யாண வரவேற்பு, அண்ணனின் ஆர்கெஸ்ட்ராதான் கச்சேரி. சொல்வதற்கு எனக்கு ஏழு நாள் இருந்தது. சொன்னால் இனி யாருமே கேட்க மாட்டார்கள், நானும் கேட்க முடியாது. கடைசியாக ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இதை எழுதவே கூசுகிறது.

மண்டபத்தில் சிக்கல்காரர் அழைப்பிதழின் மூலையைக் கிழித்து ‘மூணு’ என்று எழுதி, மேடைக்குப் பக்கத்தில் இருந்த என்னிடம் நீட்டினார். அதை நான் பையில் போட்டுக்கொண்டிருக்கலாம். எழுந்து போய் அண்ணன் கையிலேயே கொடுத்தேன். அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை. சிரித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார்.

அந்த ஓட்டம் வந்தது. வழக்கம்போல மூச்சைப் பிடித்தேன். பாதியில் அவர் மூச்சு நின்றது. என் மூச்சு இன்னும் உள்ளேதான் இருந்தது. கண்ணை மூடி, தோளைத் தூக்கிக் காற்றை இழுத்தார். பிறகு விட்ட இடத்தில் தொடங்காமல் கீழே இறங்கி வேறொரு வழியாக வந்து சேர்ந்தார். மண்டபம் கைதட்டியது. இருமலை அடக்கிக்கொண்டு அவர் கும்பிட்டார். அதற்குப் பிறகு அவர் சாக்ஸபோனைத் தொடவில்லை.

பூசைக்குப் போன அன்று சிக்கல்காரர், அந்த வரவேற்பில் தான் எடுத்த வீடியோவைத்தான் செல்போனில் போட்டார். அந்த இடம் வந்ததும் நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி போட்டார். கேசட்டில்கூட இந்த இடைவெளி இல்லை, என்ன கற்பனை, எந்த ஊர் வித்துவானுக்கு இது வரும் என்று இரண்டு பேரும் மாறிமாறிச் சொன்னார்கள். நான்காவது முறை போட்டபோது என்னால் தாங்க முடியவில்லை. அது கற்பனை இல்லை, மூச்சு முட்டியது என்று சொல்லிவிட்டேன். அவர் கடைக்கு வந்தது, கேட்டுக்கொண்டது, நான் மறைத்தது எல்லாவற்றையும் சொன்னேன்.

என்னை ஏசுவார்கள் என்று காத்திருந்தேன்.  ஓட்டுநர் என் தொடையில் தட்டினார்.

“நீ அன்னைக்குச் சொல்லியிருந்தா நாம இதைக் கேட்டிருக்கவே முடியாதுல்ல? மனசப் போட்டு ஒழப்பாத.”

சிக்கல்காரரும் தலையாட்டினார். எனக்கு அவர்கள் மேல் ஆத்திரம் வந்தது. ஆனால் அந்த ஏழு நாளும் நான் எனக்குச் சொல்லிக்கொண்டது அதே சமாதானத்தைத்தான்.

அண்ணனின் மனைவி டீத் தட்டோடு நிலைக்கதவு ஓரம் நின்றிருந்தார். எப்போது வந்தாரென்று தெரியவில்லை. எழுந்து, மதினி என்றேன்.  மூன்று டம்ளரையும் எடுத்துக் கொடுத்த பிறகுதான் பேசினார்.

“அன்னைக்கு வீட்டுக்கு வந்து, யாரும் கேக்கல, நானாத்தான் ஆசைப்பட்டு வாசிச்சேன்னு சொன்னாரு தம்பி. நான் எட்டு மாசமா அவரத்தான் ஏசிக்கிட்டே இருந்தேன். சாகுற வரைக்கும் ஏசுனேன்.”

தட்டை இடுப்பில் அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். டம்ளர் சுட்டது. கீழே வைக்கத் தோன்றாமல் பிடித்துக்கொண்டே நின்றேன்.