பாடிக்கொண்டே செய்த ராஜினாமா

நானும் என் தங்கச்சியும் கள்ளக்குறிச்சிப் பக்கத்துத் திருவிழாக்களில் எசப்பாட்டு பாடுகிறவர்கள். அவள் என்னைத் திட்டிப் பாடுவாள், நான் திருப்பித் திட்டிப் பாடுவேன். வீட்டில் சும்மா செய்ததற்கு மேடையில் சால்வை போடுகிறார்கள்.

போன ஆடியில் கல்வராயன் மலைக்கு வேனில் ஏறினோம். வளைவுக்கு வளைவு வாந்தி. இத்தோடு பாட்டை விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். இறங்கியதும் தங்கச்சியிடம் சொல்ல நினைத்தேன். அதற்குள் கையில் மைக்கைத் திணித்துவிட்டார்கள்.

பாதிப் பாட்டில் அடுத்த அடி மறந்துபோனது. மனதில் இருந்ததே மெட்டோடு வந்துவிட்டது.

"முடியல தங்கச்சி, இனிமே நான் வரமாட்டேன்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தங்கச்சி சிரிக்கவில்லை. அதே மெட்டில் பாடினாள்.

"நீ பூட்டா அண்ணே, நான் யார திட்டுவேன்?"

"இன்னொரு தபா பாடுங்க!" என்று கத்தினார்கள். ராஜினாமாவை மறுபடியும் பாடினேன்.

திரும்பும்போது கேட்டாள்: "நெசமாவா சொன்ன?"

"அடி மறந்துபோச்சி. வாய்க்கு வந்தத பாடிட்டேன்."

"கண்ணு இன்னாத்துக்கு கலங்குச்சி?"

"வாந்தி எடுத்தா கலங்காதா?"

இப்போது எல்லா ஊரிலும் அதையே கேட்கிறார்கள். திருக்கோவிலூர், ரிஷிவந்தியம் என்று ஊர் ஊராக ராஜினாமா செய்துகொண்டிருக்கிறேன். அசதி குறையவில்லை. அந்த அடியை நான் பாடி முடித்ததும், பதில் பாடுவதற்கு முன் தங்கச்சி ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்க்கிறாள், இது பாட்டுதானா என்று.