கிணற்றுக்குத் தண்ணீர் ஊற்றியவர்

வால்பாறையில் பெரணிக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. பாறை, மதில், எஸ்டேட் லயத்து வீட்டுச் சுவர் என்று கண்ட இடத்திலெல்லாம் முளைத்துத் தொலைக்கும். அந்த ஊரிலிருந்து திருத்தணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். கத்திரி வெயிலில் கோயில் மலையைப் பார்த்தாலே கண் எரியும். பாறை இடுக்குகளில் மயில்சிகை என்ற குட்டைப் பெரணி மட்டும் சுருண்டு கிடக்கும். மழை விழுந்தால் விரியும். நான் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறவள், காரணமெல்லாம் தெரியும். தெரிந்தால் மட்டும் மனசு ஆறிவிடுமா?

ஒருநாள் எங்கள் ஊர்ப் பெரணியை நினைத்துக் கணவரிடம் அழுதேவிட்டேன். அவர் என்னை நிலத்துக் கிணற்றுக்கு இழுத்துப்போனார்.

"இன்னாமே, இதுக்கா அழுவுற? எட்டிப் பாரு."

வெயில் படாத தெற்குச் சுவரில், கறுப்புக் காம்பும் மெல்லிய இலையுமாக எங்கள் ஊர்ப் பெரணி! பெரணிக்கு விதை கிடையாது. சிதல் என்கிற தூள்தான். திருமலைக் காட்டிலிருந்து காற்றில் வந்திருக்கலாம். இல்லை, இந்தப் பக்கமெல்லாம் ஈரமாக இருந்த பழங்காலத்தில் பரவி, நாடு காய்ந்தபோது நிழலான பிளவுகளில் ஒதுங்கிய கூட்டத்தின் வாரிசாக இருக்கலாம். எப்படியோ, அவருடைய பாட்டன்மார் கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டிய சுவரில் அதற்கு இடம் கிடைத்துவிட்டது.

சுற்றிலும் ஆழ்துளைப் போர் போட்டதில் கிணற்றுத் தண்ணீர் கீழே இறங்கியது. கோடையில் பெரணி கருக ஆரம்பித்தது. அன்றிலிருந்து மாலையில் போர்த் தண்ணீர் குழாயைத் திருப்பி, அந்தச் சுவரை நனைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். ஊரே சிரித்தது.

"கெணத்துக்கே தண்ணி ஊத்திகினு நிக்கிறான் பாரு!"

அவருக்கு அதெல்லாம் உறைக்காது. வால்பாறையில் மழை செய்கிற வேலையை இங்கே அவர் செய்தார்.

போன ஆனியில் வரப்பில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். பாவி மனுஷன், ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார். அந்தப் பெரணியையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று அழுகைக்கு நடுவிலும் நினைத்துக்கொண்டேன்.

காரியத்தன்று கிணற்றடியில்தான் சடங்கு. கூட்டிப்போனவர்களின் கையை உதறிவிட்டு எட்டிப் பார்த்தேன். சுவர் மொட்டையாக இருந்தது. செடிகளையெல்லாம் சுரண்டி எறிந்துவிட்டு, கல் இடுக்குகளைச் சிமெண்டால் பூசியிருந்தார்கள். செய்வித்தவன் என் கொழுந்தன். அண்ணன் மேல் உயிரையே வைத்திருந்தவன்.

"யாரைக் கேட்டு இதைச் செஞ்சே?" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன்.

"அண்ணன் காரியமாச்சே அண்ணி... கெணத்துல பொதரு மண்டி கெடந்தா நாலு பேரு இன்னா சொல்லுவாங்க? நல்லா இருக்கட்டுமேன்னுதான்..." என்றான். அண்ணன் யாருக்காக, எதற்காக அந்தச் சுவரை நனைத்தார் என்று அழுதுகொண்டே சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

ஐப்பசி மழை வந்தது. மலையெல்லாம் பச்சை. ஒரு மாலை நிலத்துக்குப் போனேன். கொழுந்தன் குழாயைப் பிடித்து அந்தச் சிமெண்டுச் சுவரை நனைத்துக்கொண்டிருந்தான். தினமும் வருகிறானாம்.

"மழையும் வந்துடுச்சி, நானும் உடாம ஊத்திகினுதான் கீறேன். மொளைக்கும்ல அண்ணி?"

வேர் பிடிக்க ஓர் இடுக்குகூட அதில் இல்லை. எங்கள் ஆயுசில் அங்கே ஒன்றும் முளைக்காது. அவன் முகத்தைப் பார்த்தேன்.

"ஆங், மொளைக்கும்" என்றேன்.