இடியின் இடது காது

என் தங்கைக்கு இடி என்று பெயர் வைத்தது நான்தான். ஆறு வயதில் ஆரம்பித்தாள். சாப்பாட்டுத் தட்டு, சோப்பு டப்பா, அப்பாவின் முதுகு, எது கிடைத்தாலும் இரண்டு கையாலும் தட்டிக்கொண்டே இருப்பாள். தலைவலி பொறுக்காமல் ஒரு நாள் "ஏ இடி, நிறுத்தித் தொலைடி!" என்று கத்தினேன். தட்டுவது நிற்கவில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பின்னால் டாக்ஸி கம்பெனியில் வண்டி அனுப்பும் மேசைக்கு வேலைக்குப் போனபோது அங்கே டிரைவர்களுக்கும் அவள் இடியாகிவிட்டாள். "இடி மேடம், அடுத்த சவாரி எங்க?" என்று வயர்லெஸ்ஸில் கேட்பார்களாம்.

பத்தொன்பது வயதில் யாரோ சிநேகிதி கூப்பிட்டாள் என்று ஒரு ராக் கச்சேரிக்குப் போனாள். அன்று பிடித்தது சனி. மொத்தம் நாலு பேர் அந்தக் குழுவில். பாட ஒருவன், கிடாருக்கு இரண்டு பேர், டிரம்ஸுக்கு ஒருவன். பாட்டெல்லாம் நமக்குப் புரியாத பாஷை. எனக்கு அது தகர ஷீட்டைத் தெருவில் இழுத்துக்கொண்டு ஓடுகிற சத்தம். இவளுக்கு அப்படி இல்லை. பாதிக் கச்சேரியில் மழை கொட்டி கரண்ட் போய்விட்டதாம். மற்ற மூன்று பேரும் உள்ளே ஓடிவிட்டார்கள். டிரம்ஸ்காரன் மட்டும் எழுந்திருக்கவில்லை. மைக் இல்லாமல், வெளிச்சம் இல்லாமல், கரண்ட் திரும்பி வரும்வரை நனைந்துகொண்டே அடித்தானாம்.

"அவன் எங்களுக்காக அடிச்சான்க்கா. நாங்க போயிடக் கூடாதுன்னு அடிச்சான்" என்றாள். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர். மழையில் நனைந்து மூக்கு வேறு ஒழுகிக்கொண்டிருந்தது.

"உன்கிட்ட வந்து சொன்னானா?"

"சொல்லணுமா?"

அம்மாவுக்கு இதெல்லாம் அடியோடு பிடிக்காது. "வயசுப் பொண்ணு கூட்டத்துல போய் ஆட்டம் போட்டா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டாள். "அந்த நாலு பேர் பாட்டு மட்டும்தாம்மா பாடுவாங்க, வேற ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று இவள் பதில் சொன்னாள். அப்பா சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தக் குழுவுக்கு 'அந்த நாலு பேர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அவர்கள் எந்த ஊரில் வாசித்தாலும் இவள் அங்கே இருப்பாள். பஸ்ஸில் நின்றுகொண்டே போவாள். மேடைக்கு முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு போட்டிருப்பார்களே, அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதல் வரிசையில் நிற்கவேண்டும், அதுதான் அவள் கணக்கு. நடுவில் பாத்ரூம் போனால் இடம் போய்விடும் என்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாள். ஷூ லேஸை இரண்டு முடிச்சு போட்டுக் கட்டுவாள். எல்லாரும் பாடுபவன் முகம் தெரிகிற இடத்துக்கு முட்டி மோதுவார்கள். இவள் மட்டும் ஓரமாக, ஸ்பீக்கர் கோபுரத்தடியில் போய் நிற்பாள். அங்கிருந்துதான் டிரம்ஸ்காரனின் கால் தெரியுமாம். கால் தெரிவதற்காகக் காதைக் கொடுத்த ஒரே பைத்தியம் என் தங்கையாகத்தான் இருக்கும்.

ஒரு முறை டிரம்ஸ் குச்சி உடைந்து பறந்து வந்து நெற்றியில் பட்டது. தையல் போட்டுக்கொண்டு வந்து பல்லைக் காட்டினாள். ஒரு முறை முழு நாள் பிரயாணம் செய்து போனால், பாடுபவனுக்குக் காய்ச்சல் என்று கச்சேரியே ரத்து. திரும்பி வந்து, "பரவால்ல, மேடையைப் பாத்துட்டேன்" என்றாள். கல்யாணம் பேசி முடித்திருந்த பையன் ஒருவன் ஆசையாகக் கூட வந்தான். இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு "இது எப்ப முடியும்?" என்று கேட்டானாம். அதோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது. நல்ல பையன், கை நிறைய சம்பளம். எனக்கு வயிறு எரிந்தது.

ஒவ்வொரு கச்சேரிக்குப் பிறகும் அவளுக்கு இரண்டு நாள் காதுக்குள் ஙொய் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அது என்னவோ கொடுத்து வைத்தது மாதிரி, "கச்சேரி இன்னும் முடியலக்கா, உள்ள ஓடிக்கிட்டு இருக்கு" என்பாள். ஒரு தடவை அது நிற்கவே இல்லை. வாரம் போனது, மாதம் போனது, பிறகு வலது காதில் ஙொய்யைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. எங்களிடம் மூச்சுவிடவில்லை. நான் அவளுடைய வலது பக்கம் உட்கார்ந்து அரை மணி நேரம் என் மாமியாரைப் பற்றிப் புலம்பிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவ்வளவு நேரமும் அவள் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆபீஸில் ஹெட்போனை இடது காதுக்கு மாற்றிக்கொண்டு சமாளித்தாள். ஒரு காதை வைத்துக்கொண்டு அந்த மேசையை ஓட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஒரு பக்கம் போனில் வாடிக்கையாளர், இன்னொரு பக்கம் வயர்லெஸ்ஸில் டிரைவர்கள். பிறகு எட்டாம் தெருவுக்குப் போகவேண்டிய வண்டி பத்தாம் தெருவுக்குப் போனது. மறுபடியும் போனது. முதலாளி கூப்பிட்டு, "என்ன இடி, காதுல பஞ்சா?" என்றார். அன்று சாயங்காலம் நேராக நான் வேலை செய்யும் துணிக்கடைக்கு வந்தாள். பேன்ட் கால் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "இந்தக் காதும் போகுதுக்கா" என்றாள். மறுநாளே அவளைக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

காது டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. வலது பக்கம் முடிந்துபோன கதை, இடது பக்கம் நரம்பு நைந்துபோயிருக்கிறது, ஆனால் இன்னும் வேலை செய்கிறது. ஜாக்கிரதையாக இருந்தால் கடைசிவரை ஓட்டலாம். "இன்னொரு தடவை அந்த மாதிரி சத்தம் பட்டா போயிடும்மா. போச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. காதுல மெஷின் வச்சாலும் பிரயோஜனம் இல்ல" என்றார். திரும்பி வரும் வழி முழுக்க நான் பேசினேன். திட்டினேன், அழுதேன், பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ திட்டுறது நல்லா கேக்குதுக்கா" என்றாள். அடிக்கக் கை ஓங்கினேன், அடிக்க முடியவில்லை.

ஒரு வருஷம் நல்லபடியாகப் போனது. வேலையும் தப்பித்தது. அப்புறம் அந்த நாலு பேருக்கு என்ன கேடு வந்ததோ, குழுவைக் கலைக்கிறோம், கடைசிக் கச்சேரி உங்கள் ஊரில்தான் என்று அறிவித்துத் தொலைத்தார்கள். ஊரில் வேறு மைதானமே இல்லாத மாதிரி எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், பட்டப்பகலில்.

இடி கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் நான் மல்லுக்கு நின்றிருப்பேன். சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். எதையும் தட்டக்கூட இல்லை, விரல் மடியிலேயே கிடந்தது. மூன்றாவது நாள் நானே வாயைத் திறந்தேன்.

"போய்த்தான் ஆகணுமா?"

"போகலன்னா இந்தக் காதை வச்சுக்கிட்டு நான் என்னத்தக்கா கேக்கப் போறேன்? எட்டாம் தெருவா பத்தாம் தெருவான்னா?"

"என்னைக் கேளேன்டி! நான் ஒருத்தி பேசுறது உனக்கு ஒரு பொருட்டா தெரியலயா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீயும் வா. நீ சொல்றபடி கேக்குறேன்" என்றாள். பிறந்ததிலிருந்து நான் சொன்ன எதையும் அவள் காதில் போட்டுக்கொண்டதில்லை. ஆனாலும் நான் வராவிட்டால் தனியாகப் போவாள் என்று தெரியும். தனியாகப் போவதைவிட நான் கூடப் போவது மேல் என்று நினைத்தேன்.

டாக்டரிடம் போய் நின்றோம். தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவரே அவள் காதுக்கு அச்சு எடுத்து, கெட்டியாகக் காதை அடைக்கும் பிளக் செய்து கொடுத்தார். கடைசி வரிசையில் நிற்கவேண்டும், எந்தக் காரணத்துக்கும் கழற்றக் கூடாது என்றார். கடைசி வார்த்தையை இரண்டு தடவை சொன்னார். எனக்கு அது மனப்பாடம் ஆகிவிட்டது.

மைதானத்தில் கடைசி வரிசையில், தண்ணீர் விற்கிறவனுக்குப் பக்கத்தில் நின்றோம். அவள் மணிக்கட்டை நான் விடவே இல்லை. பிளக் இரண்டும் உள்ளே இருக்கிறதா என்று பாட்டுக்குப் பாட்டு எட்டிப் பார்த்தேன். எனக்கே காதைப் பிளந்தது. அவள் சாதுவாக நின்றாள். கேட்கிறதா என்று சைகையில் கேட்டால், காலைக் காட்டினாள். தரை வழியாக வருகிறதாம்.

பாதியில் பாடுபவன் என்னவோ சொன்னான். பாஷை புரியாது. ஆனால் கூட்டம் மொத்தமும் ஒரே ஓட்டமாக முன்னால் பாய்ந்தது. யாரோ எனக்கும் அவளுக்கும் நடுவில் புகுந்தார்கள், என் கையிலிருந்து அவள் கை நழுவிவிட்டது. "இடி! இடி!" என்று கத்தினேன். அத்தனை சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?  முதுகுகளுக்கு நடுவில் நசுங்கி, முழங்கையால் இடித்து, கெட்ட வார்த்தை வாங்கிக்கொண்டு முன்னேறினேன். கடவுளே, ஸ்பீக்கர் பக்கம் மட்டும் போயிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே போனேன்.

அங்கேதான் இருந்தாள். கூட்டம் தள்ளிக்கொண்டு போய் அந்தக் கம்பித் தடுப்பில் சாத்தியிருந்தது. தலைக்கு மேலே மாடி வீட்டு உயரத்துக்கு ஸ்பீக்கர். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஐந்தாறு வரிசை ஆட்கள். எல்லாரும் குதிக்கிறார்கள், அவள் குதிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஒரு உள்ளங்கையைக் கம்பியின் மேல் பரப்பி வைத்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பாவி, எவ்வளவு அழகாக இருந்தாள்.

அப்போது அவளுடைய இன்னொரு கை இடது காதுக்குப் போனது. விரல் பிளக்கின் மேல் இருந்தது.

அந்தப் பாட்டில் ஒரு இடம் வரும், எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றுவிடும், பிறகு டிரம்ஸ் மொத்தமாக இறங்கும். வருஷக்கணக்காக எங்கள் சாப்பாட்டு மேசையில் அவள் அதை வாசித்துக் காட்டியிருக்கிறாள். அன்றும் நின்றது. எனக்குத் தெரிந்ததெல்லாம் சத்தம் நின்றது, இப்போது கத்தினால் கேட்கும் என்பதுதான். இரண்டு கையையும் தூக்கி ஆட்டி, தொண்டை கிழியக் கத்தினேன்.

"கழட்டாத! இடி, கழட்டாத!"

அவளுக்குக் கேட்கவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற காவல்காரருக்குக் கேட்டது. அவர் அவள் தோளைத் தட்டி என்னைக் காட்டினார். அவள் திரும்பிப் பார்த்தாள். நான் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, வாயைப் பிளந்து, கையை வீசிக்கொண்டிருக்கிறேன். அவள் முகம் வெளிறியது. "என்னக்கா?" என்று உதடு அசைந்தது. நான் மறுபடியும் கத்தினேன். நான் சொல்வதைக் கேட்பதற்காக அவள் பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள்.

அந்த இடைவெளி எவ்வளவு நேரம் என்று மேடையில் இருந்த நாலு பேருக்கும் அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் பிடுங்கினாள். டிரம்ஸ் இறங்கியது. அவள் இடது காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

முதலுதவிக் கூடாரத்தில் கட்டிலில் உட்கார வைத்தார்கள். நர்ஸ் அவள் காதுக்குப் பக்கத்தில் கை தட்டினாள், கட்டில் காலை ஸ்பூனால் தட்டினாள், பிறகு என்னைப் பார்த்தாள். இடி அவளைக் கவனிக்கவே இல்லை. என் கையை, தோளை, விலாவைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கக்கா அடிபட்டுச்சு? யாரு தள்ளுனது? மூச்சு முட்டுச்சா?" அவள் குரல் கூடாரத்தையே தூக்கியது, அது அவளுக்குத் தெரியவில்லை. "நீ கையை ஆட்டிக் கத்துறதைப் பாத்து எனக்கு உசுரே போயிடுச்சு. நான் நல்லாத்தான்க்கா வச்சிருந்தேன். வேர்வைல வழுக்குதுன்னு அப்பப்ப உள்ள அழுத்திக்கிட்டே இருந்தேன். நீ மட்டும் மாட்டிக்கலன்னா நான் கழட்டியே இருக்க மாட்டேன்."

"நான் மாட்டிக்கல இடி. கழட்டாதன்னுதான் கத்துனேன்."

"என்னது?"

"கழட்டாதன்னுதான்டி கத்துனேன்! கழட்டாதன்னு!"

நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலில் காலைச் சுளுக்கிக்கொண்டு கிடந்தவர் எழுந்து உட்கார்ந்தார். இடி என் வாயையே பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. என் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு முதுகை மெதுவாகத் தட்டிக்கொடுத்தாள்.

"சரி, சரி, அழாதக்கா. அதான் நான் வந்துட்டேன்ல."