பூதத்துக்குக் கொடுத்த ராணி

அறுபதுகளின் தொடக்கம். அப்பா இறந்த வருஷம் முழுக்க அம்மா தென்காசி வீட்டு வாசலைத் தாண்டவில்லை. துக்க வீட்டில் கதைப் புத்தகம் ஆகாது என்பார்கள். நானோ பக்கத்து வீட்டு வாரப் பத்திரிகையை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்துத் தொடர்கதை படித்தேன். அதில், ராஜ்யத்துக்கு ஆசைப்பட்ட கொழுந்தன், விதவை ராணியை நீராட அழைத்துப்போய் அருவிப் பூதத்துக்குப் பலி கொடுத்துவிட்டான். எழுதியவன் நாசமாய்ப் போக!

மறுநாளே சித்தப்பா குதிரை வண்டியோடு வந்து நின்றார்.

“மதினி, வருசம் கழிஞ்சிட்டுல்லா? குத்தாலத்துல நல்லா தண்ணி விழுது. வாங்க, ஒரு முழுக்குப் போட்டுட்டு வருவோம்.”

அப்பாவின் வயல்களெல்லாம் அப்போது அவர் கையில்தான் இருந்தன. போக வேண்டாமென்று அழுது பார்த்தேன். அம்மா என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டாள்.

பெண்கள் குளிக்கும் பக்கத்தில், அம்மாவின் ஈரச் சேலையைப் பற்றியபடி திரும்பித் திரும்பிப் பார்த்தேன். சித்தப்பா தூரத்துப் பாறையில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அருவி இரைச்சலுக்குள் அம்மா குனிந்து என் காதில் சொன்னாள்.

“ஏட்டி, அந்தக் கதைய நானும் வாசிச்சுட்டேன். என் கைய விட்டுராத.”