கூமுட்டையும் கொலுசும்

என் அப்பா கோயிலில் குருக்கள். எங்கள் வீட்டில் முட்டை என்ற சொல்லைக்கூட யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். அறுபதுகளில் ஊருக்குக் கல்லூரி வந்த புதிதில், பியூசி என்ற புகுமுக வகுப்பில் சேர்த்தே ஆகவேண்டும் என்று மூன்று மாதம் வீட்டாரைப் பிய்த்து எடுத்தேன். கடைசியில் அம்மா இரண்டு நிபந்தனைகளோடு இறங்கி வந்தாள். காலில் கொலுசைக் கழற்றக் கூடாது. ஆசாரத்துக்குக் குறை வந்தால் அன்றோடு படிப்பு நின்றுவிடும். இரண்டுக்கும் தலையாட்டினேன்.

முதல் மாதத்திலேயே ரசாயன வகுப்பில் கந்தகத்தின் மேல் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பார்க்கச் சாதுவான மஞ்சள் தூள். சூடு காட்டினால் தேன் மாதிரி உருகும். இன்னும் காய்ச்சினால் கறுத்துக் கெட்டியாகி, சோதனைக் குழாயைக் கவிழ்த்தாலும் விழ மாட்டேன் என்று அடம்பிடிக்கும். இரும்புத்தூளோடு வெறுமனே கலந்தால் காந்தம் இரும்பைத் தனியாக இழுத்துக்கொள்ளும். அதே கலவையைக் காய்ச்சிவிட்டாலோ காந்தத்துக்கு அங்கே வேலையில்லை. இரண்டும் கூடி வேறொரு கறுப்புக் கட்டியாகியிருக்கும்.

அந்தக் கறுப்புக் கட்டியின் மேல் அமிலம் விட்டோம். ஒரு வாயு கிளம்பியது. அதன் நாற்றத்தை நோட்டில் குறிக்கச் சொன்னார் வாத்தியார். எல்லோரும் புத்தகத்தில் இருந்தபடி அழுகிய முட்டை என்று எழுதினார்கள். நான் நாள்பட்ட பெருங்காயத் தண்ணீர் என்று எழுதினேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

வாத்தியார் சிவப்பு மையால் அடித்தார். "முட்டைனு எழுதும்மா. பரீட்சைல இதுக்கு மார்க் உண்டு."

"நான் முட்டைய மோந்ததே இல்ல சார். தெரியாதத எப்படி எழுதறது?"

வகுப்பே சிரித்தது. "அப்போ மோந்து பாத்துட்டு வந்து எழுது" என்றார் அவர். கேலிக்குத்தான் சொன்னார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. மோந்து பார்த்தே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன்.

என் பக்கத்தில் உட்காரும் பெண் அடி அண்ணாமலை கிராமத்துக்காரி. அவள் வீட்டில் கோழி உண்டு. மறு வாரமே வைக்கோலில் பொதிந்து ஒரு கூமுட்டையைக் கொண்டுவந்தாள்.

"இருவத்தோரு நாளு அடையில இருந்தும் பொரிக்கல. மெதுவா ஒடைடி, ஜாஸ்தி கிட்ட மூஞ்சிய வெக்காத."

கல்லூரிக்குப் பின்னால் ஒரு பாறையில் தட்டினேன். பட்டென்று வெடித்து என் தாவணியில் தெறித்தது. கண்ணில் நீர் வந்தது, ஆனால் சந்தேகமே இல்லை. அதே வாயுதான். புத்தகம் பொய் சொல்லவில்லை என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

குழாயடியில் எவ்வளவு கசக்கியும் தாவணி நாற்றம் போகவில்லை. வாசல் தாண்டுவதற்குள் அம்மா பிடித்துவிட்டாள். நான் மறைக்கவில்லை. கூமுட்டையை உடைத்து மோந்தேன் என்று அப்படியே சொன்னேன். அவள் பார்வை என் காலுக்கு இறங்கியது.

"கொலுசு கூட கறுத்துப்போச்சே! போதும்டி நீ படிச்சு கிழிச்சது. நாளையிலேர்ந்து போக வேண்டாம்."

அப்பாவின் கிண்ணத்திலிருந்து விபூதியை அள்ளி, அங்கேயே உட்கார்ந்து கொலுசைத் தேய்த்தேன்.

"இது முட்டையால வந்த கறுப்பு இல்லம்மா. காலேஜ்ல வர வாயு. அதுல இருக்கற கந்தகம் வெள்ளியோட மேல்பூச்சா சேர்ந்துக்கறது. பாரு, வெள்ளி எங்கேயும் போகல."

ஒரு பக்கம் பளபளவென்று வந்தது. அம்மா குனிந்து பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் தலைக்குக் குளித்து, புத்தகங்களோடு வாசலில் நின்றேன். தடுத்தால் தடுக்கட்டும், நானாகப் படிப்பை நிறுத்தப் போவதில்லை. அம்மா வந்தாள். என் காலடியில் உட்கார்ந்து இரண்டு கொலுசுகளின் திருகையும் கழற்றினாள்.

"இதப் போட்டுண்டு அந்த நாத்தத்துல போய் நிக்காதே. வந்து போட்டுக்கோ."

வருஷக் கடைசியில் செய்முறைப் பரீட்சை நடத்த வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். குழாயை நீட்டி, என்ன நாற்றம் என்று கேட்டார்.

"கூமுட்டை சார்."

என் நெற்றி விபூதியைப் பார்த்துச் சிரித்தார். "புஸ்தகத்துல படிச்சதா?"

"இல்ல சார், ஒடச்சு மோந்து பாத்தேன்."

வீட்டுக்கு வந்தபோது அம்மா தேய்த்து வைத்த கொலுசுகளோடு காத்திருந்தாள். ஒன்றை என் காலில் மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"அடுத்த வருஷப் படிப்புலயும் இதே நாத்தந்தானா?"

"இதே நாத்தந்தாம்மா."

"சரி, அந்தக் காலை நீட்டு" என்றாள்.