உடைந்த மூலை முத்திரை

லாய் சியுமெய்யை நான் முதலில் பார்த்தது எங்கள் மாவட்டத் தலைநகரில், மேல்நிலைப் பள்ளி வாசலில் அவர் நடத்திவந்த அரிசி நூடுல்ஸ் கடையில். மலைக்கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த நாட்கள் அவை. எண்ணெய்ப் பிசுக்கு மேசையில் கணக்கு நோட்டை விரித்திருந்தேன். கிண்ணத்தை வைக்க வந்தவர், எதிரே நின்று தலைகீழாகவே பார்த்துவிட்டு, "மூணாவது கணக்கு தப்பு. முதல்ல சாப்பிடு, அப்புறம் அழி" என்றார். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்த மேசைக்கும் அதில் பங்கு உண்டு.

அவர் ஒரு காலத்தில் ஆசிரியை என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. அந்த வேலை எப்படிப் போனது என்பது அவருக்கே போன இலையுதிர்காலத்தில்தான் தெரிந்தது.

இரட்டைக் கிணற்றுக் கல்விக்கூடம் அரசர் காலத்துத் தேர்வுகளுக்குப் படித்தவர்கள் கட்டிய இடம். சியுமெய்யின் இளமையில் அது கிராமத்துத் தொடக்கப் பள்ளி. கிராமமே தற்காலிகமாக நியமித்திருந்த ஆசிரியைகள் இரண்டு பேர்: சியுமெய், அவரைவிட ஆறு வயது மூத்த ஜொங் ஐலியன். 1994-இல் ஒருவரை மட்டும் அரசு நிரந்தரமாக்கியது. அது ஐலியன். சியுமெய் பசையரிசிப் பலகாரம் செய்து எடுத்துப்போய் வாழ்த்தினார். மறு வருடமே பயிற்சி முடித்த பெண் ஒருத்தியை அனுப்பி, சியுமெய்யை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். மேல்நிலைப் பள்ளி வாசலில் கடை ஒன்று காலியாக இருப்பதைச் சொல்லி, உரிமையாளரிடம் நடையாய் நடந்து முடித்துக் கொடுத்ததும் ஐலியன்தான். ஓய்வு பெற்ற பிறகு, தினம் காலை ஐந்துக்கெல்லாம் வந்து கடையைத் திறந்து, எலும்புச் சாற்றுக்கு அடுப்பு மூட்டி வைப்பார். கடைச் சாவி ஒன்று எப்போதும் அவர் இடுப்புக் கயிற்றில் தொங்கும்.

கல்விக்கூடத்தைப் புதுப்பித்துத் திறந்துவிட்டார்கள் என்ற செய்தியைக் கொண்டுவந்தவரும் அவரே.

"ஒரு நாள் கடைய மூடுடி. நாம சாக்பீஸ் தின்ன இடத்த எப்படி ஜோடிச்சிருக்காங்கன்னு பார்த்துட்டு வருவோம்."

வெந்த முட்டை, சூரியகாந்தி விதை, ஆளுக்கொரு தேநீர்க் குடுவை. பேருந்தில் ஒரு மணி நேரம். நுழைவாயிலில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்குச் சீட்டு கிடையாது, இலவசம். ஐலியன் அட்டையைக் காட்டிவிட்டு, சியுமெய்க்கு முப்பது யுவான் சீட்டைத் தானே வாங்கினார்.

"நான் வாங்கிக்க மாட்டேனாக்கா?"

"சும்மா வா. பென்ஷன் வாங்கறவ எதுக்கு இருக்கேன்?"

முற்றத்தில் ஓமான்தஸ் மரம் பூத்துக் கொட்டிக் கிடந்தது. அவசரமே இல்லாமல் சுற்றினார்கள். மழை ஒழுகிய விரிவுரைக் கூடத்தில் இப்போது நீள அங்கி போட்ட மெழுகு மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"பாருக்கா, ஒருத்தன்கூடப் பேசல. இப்படி ஒரு வகுப்பு நமக்கு வாய்ச்சுதா?" என்றார் சியுமெய்.

"மூக்க நோண்டறவன் ஒருத்தன வெச்சிருந்தா அசல் நம்ம பள்ளிக்கூடம்."

ஆசிரியைகளாக இருந்தபோது இருவரும் பாய் விரித்துப் படுத்த அறை இப்போது தேநீர்க்கடை. ஒரு குவளையின் விலையைப் பார்த்துவிட்டு இருவரும் தங்கள் குடுவைகளையே திறந்துகொண்டார்கள். வாடகைக்கு அங்கி தரும் இடத்தில் ஐலியன் நின்றுவிட்டார். அறிஞர் தொப்பி வைத்துப் படம் எடுத்தே ஆக வேண்டுமாம். வரிசை நீளம். சியுமெய் பக்கத்து அறைக்குள் நுழைந்தார்.

அங்கே பள்ளிக்கூடக் காலத்துப் பொருட்கள். பரணில் கிடைத்த பழைய காகிதங்களைக் கண்ணாடிப் பெட்டியில் பரப்பியிருந்தார்கள். வருகைப் பதிவேடு, கிழிந்த பாடநூல், பழுப்பேறிய ஒரு படிவம். படிவத்தின் அடியில் சிவப்பாக அவர் பெயர்.

அது அவருடைய பெயர் முத்திரைதான், கையொப்பத்துக்குப் பதிலாகக் குத்துவது. எருமைக்கொம்பில் செதுக்கியது. கோழிக்கூட்டுக் கல்லில் விழுந்து மூலை உடைந்ததிலிருந்து கடைசி எழுத்தின் கால் பதியாது. இங்கேயும் பதியவில்லை. மேலே எழுதியிருந்தது: 'குடும்பச் சூழ்நிலையால், நிரந்தரப் பணிக்கான பரிந்துரையிலிருந்து நானே விரும்பி விலகுகிறேன்.' அந்தக் கையெழுத்தை அடுத்த வகுப்புக் கரும்பலகையில் ஒன்பது வருடம் பார்த்திருக்கிறார். தேதி 1994 ஜூன் 3.

தேதியைச் சியுமெய் மறக்க வழியில்லை. அவர் மகள் பிறந்தது மே 21, கோதுமை பால் பிடிக்கும் 'சியாவ்மான்' நாள். அந்த நாளின் பெயரையே மகளுக்கு வைத்தார்கள். பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் வாசற்படி தாண்டக்கூடாது, காற்று படக்கூடாது. ஆனால் சம்பளம் வாங்க முத்திரையோடு வட்டார அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். தலையில் துணி கட்டிப் படுத்திருந்தவர், தலையணைக்கு அடியிலிருந்து முத்திரையை எடுத்து ஐலியன் கையில் கொடுத்தார். வேறு யாரிடம் கொடுப்பார்?

சியுமெய் படிவத்தை மூன்று முறை படித்தார். பிறகு வெளியே வந்து கிணற்று மேடையில் உட்கார்ந்தார். படத்தைக் கையில் ஆட்டிக்கொண்டே ஐலியன் வந்தார்.

"பாருடி, அரசர் தேர்வுல நான்தான் முதல்! ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? கால் வலியா?"

"அக்கா, சியாவ்மான் பொறந்தப்ப என் முத்திரைய எத்தன நாள் வெச்சிருந்தீங்க?"

ஐலியன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு விதையைக் கடித்தார். "அதுவா? நாலு நாள் இருக்கும். மழைல பாலம் முழுகிக் கெடந்துச்சு. எதுக்குக் கேக்கற?"

"உள்ள பெட்டியில இருக்கு. போய்ப் பாருங்க."

எது இருக்கிறது என்று ஐலியன் கேட்கவில்லை. எழுந்து போகவும் இல்லை. விதைத் தோல் உதட்டிலேயே ஒட்டியிருந்தது.

"எனக்கு அப்போ முப்பத்தஞ்சு" என்றார் கடைசியில். "அந்த வருஷம் விட்டா வயசு தாண்டிடும். உனக்கு அடுத்த வருஷம் நிச்சயம்னு சொன்னாங்க. நான் நம்பினேன்டி."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"கேட்டா விட்டுக் குடுத்திருப்பியா?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கதான் கேக்கவே இல்லியே."

குழந்தைகள் கூட்டம் ஒன்று கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக் கூவிவிட்டுப் போயிற்று.

"அந்த நாலு நாள்ல ஒரு சேவல் கொண்டு வந்தீங்க. இஞ்சி தட்டிப் போட்டு நீங்களே ஆக்கி, எனக்கு ஊட்டி விட்டீங்க."

"ஆமா."

"குத்தறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

ஐலியன் மடியிலிருந்த படத்தைக் கவிழ்த்து வைத்தார். "பின்னாடி."

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு சேவலும், புத்தாண்டுக்கு வந்த முட்டைக் கூடைகளும், நடையாய் நடந்து பேசி முடித்த கடையும், விடிகாலை அடுப்பும் சியுமெய்யின் மனதில் வரிசையாக வந்து நின்றன. இருபத்தொன்பது வருடம் நன்றி சொல்லித் தீரவில்லை என்று நினைத்திருந்தவர் அவர். வேலை போனதுகூட இப்போது பெரிதாகத் தெரியவில்லை. சொன்ன நன்றி ஒவ்வொன்றும் தொண்டையில் திரும்பி வந்தது.

பேருந்து நிறுத்தத்தில் இருவருக்கும் நடுவில் முட்டைப் பை இருந்தது. வண்டி தூரத்தில் தெரிந்ததும் சியுமெய் கையை நீட்டினார்.

"சாவியக் குடுங்க."

ஐலியன் இடுப்புக் கயிற்றைத் தடவினார். முடிச்சு இறுகிப் போயிருந்தது. விரலுக்கு வராமல் பல்லால் இழுத்து அவிழ்த்தார்.

"காலைல அடுப்பு யாரு மூட்டுவா?"

"நான் மூட்டிக்கறேன்."

வண்டியில் சியுமெய் முன்னால் உட்கார்ந்தார், ஐலியன் கடைசி வரிசையில்.

ஐலியன் இப்போது நான்சாங் நகரில் மகன் வீட்டில் இருக்கிறார். புத்தாண்டுக்கு அவர் அனுப்பிய முட்டைக் கூடை பிரிக்காமலே திரும்பிப் போனது. படிவம் இன்னும் அந்தக் கண்ணாடிப் பெட்டியில்தான் இருக்கிறது. எடுத்துவிடச் சொல்லட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டார் சியுமெய். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அதே பள்ளி வாசலில் அதே கடையை நடத்துகிறார். விடிகாலை நாலரைக்கு அவரே வந்து திறக்கிறார்.