மீனை விடாத லெந்து

எங்கள் வீட்டில் லெந்து காலம் சாப்பாட்டு மேசையில்தான் தொடங்கும். சாம்பல் புதன் ஆராதனை முடிந்து வந்ததும், ஈஸ்டர் வரைக்குமான தபசு நாட்களுக்கு அவரவர் எதை விடப்போகிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதலில் அப்பா. அவர் வருஷந்தோறும் மீனை விடுவார். மயிலாடியில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த அப்பாவுக்கு மீன் இல்லாத சோறு சோறே அல்ல. ஆகவே அதை அறிவிக்கும்போது குரலில் சிலுவை சுமக்கிற கனம் இருக்கும். அடுத்தது நான். அப்போது ஆறாம் வகுப்பு. சாக்லெட்டை விடுவதாகச் சொன்னேன். அதில் ஐஸ்கிரீம் சேராது என்பதை மனதுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டேன். கடைசியில் அம்மா.

“நான் இந்த வருசம் மீனை விடல்ல,” என்றாள். “சோலிய விடப்போறேன்.”

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். “சோலிய விடதுன்னா? ஸ்கூலுக்குப் போவாண்டாமா?”

“ஸ்கூலுக்குப் போவேன். சோறும் வைப்பேன். மத்த சோலியள வாரத்துக்கு ஒண்ணா விடுவேன்.”

“அப்பம் மீனு?”

“தின்னுவேன்.”

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். மீனைத் தின்றுகொண்டே லெந்து இருக்கலாம் என்பதை எங்கள் சபையில் அதுவரை யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை.

மற்ற சோலிகள் என்று அம்மா எதைச் சொன்னாள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அம்மா பூதப்பாண்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அது பகலில். மிச்ச நேரமெல்லாம் சபைக்கு. பாடகர் குழுவில் பாடுவாள். ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்தும் ஓய்வுநாள் பள்ளிக்கு அவள்தான் பொறுப்பு. அந்தப் பெயருக்கும் அம்மாவின் ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. புதன்கிழமை ஜெபக்கூட்டம் யார் வீட்டில் என்று முறை போடுவது, அசனம் என்கிற சபை விருந்துக்குக் காய் நறுக்க ஆள் திரட்டுவது, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் பாய் விரிப்பது, உபவாசம் முடித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவது, எல்லாம் அவள்தான். இத்தனைக்கும் மேலே பெண்கள் சங்கத்தின் செயலாளர் பதவி. அம்மா தனக்காக ஜெபிப்பது ஸ்கூட்டியில் மட்டும்தான். பின்னால் உட்கார்ந்திருக்கும் என் காதில் ஸ்தோத்திரமும் ஹாரனும் மாறி மாறி விழும். வேகத்தடை வந்தால் ஆமென்.

அந்தப் பெருமையை முழுசாக அனுபவித்தது நான். செயலாளர் மகளுக்கு ஆண்டு விழாவில் முன்வரிசை நாற்காலி. மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க முதல் ‘ஹலோ’ சொல்வது நான். ஆண்டவர் ஒரு தலைமையாசிரியரைப்போல வருகைப் பதிவேட்டை விரித்துவைத்துக்கொண்டு மேலே உட்கார்ந்திருக்கிறார் என்பது அந்த வயதில் என் திடமான நம்பிக்கை. அதில் அம்மாவின் வரியில் டிக் போட இடம் போதாமல் ஓரத்திலும் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

முதல் வாரம் பாடகர் குழு போயிற்று. அம்மா போதகர் வீட்டுக்கே நடந்துபோய்ச் சொல்லிவிட்டு, பல் பிடுங்கிக்கொண்டு வந்தவளைப்போல வலியும் நிம்மதியுமாகத் திரும்பினாள். அந்த ஞாயிறு அவள் முன்னால் போய் நிற்காமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்கு அது பெரிய இடைஞ்சல். பாட்டுப் புத்தகத்துக்குள் ஒரு படக்கதைப் புத்தகம் ஒளித்து வைத்திருந்தேன். பிரசங்கம் முடியும்வரை அம்மா என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். இடது கையால் பக்கம் புரட்டினால் சத்தம் வரும்.

இரண்டாம் வாரம் புதன்கிழமைக் கூட்டத்தின் முறை நோட்டு கைமாறியது. மூன்றாம் வாரம் ஓய்வுநாள் பள்ளி. நான்காம் வாரம் அசனக் குழு. வாரம் ஏற ஏற என் நிலைமை இறங்கிக்கொண்டு வந்தது.

“ஏட்டி, ஒங்கம்மாவ பாட்டுலேருந்து எடுத்தாச்சாமே?” என்று கேட்டாள் என் வகுப்புக்காரி ஒருத்தி.

“எடுக்கல்ல. அவியளே விட்டாவ.”

“பைத்தியமா பிள்ளே? யாராவது தானா விடுவாவளா?”

பெரியவர்கள் என்னிடம் வேறு மாதிரி கேட்டார்கள். “டீச்சருக்கு ஒடம்புக்கு என்னவாம் மக்களே? ஆஸ்பத்திரில காட்டியாச்சா?” என்று ஒருவர் என் தாடையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். நாங்கள் வேறு சபைக்குப் போகப்போகிறோம் என்று ஒரு பேச்சும் ஓடியது. எங்கள் ஊரில் அது உடம்பு சுகமில்லாததைவிடப் பெரிய சேதி.

வீட்டிலோ அப்பாவின் பாடு வேறு. அம்மா சாளை மீனில் புளிமுளக் குழம்பு வைத்து நிதானமாக முள் எடுத்துத் தின்பாள். எதிரே அப்பா பயறு துவரனைச் சோற்றில் பிசைந்துகொண்டிருப்பார்.

“ஆண்டவரு எல்லாத்தையும் பாத்துட்டுதான் இருக்காரு,” என்றார் ஒருநாள்.

“பாக்கட்டு. அவரும் மீன் தின்னவருதான்,” என்றாள் அம்மா.

எனக்குக் கவலை கொடுத்தது மீன் அல்ல. சாயங்காலங்கள்தான். வழக்கமாக அம்மா வீட்டில் இல்லாத அந்த நேரத்தில் அவள் கொல்லைப்புறத்துத் துணி துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்துகொள்ளத் தொடங்கினாள். கையில் துணியும் இல்லை, போனும் இல்லை.

“என்னம்மா செய்யுகிய?”

“சும்மா இருக்கேன்.”

“ஜெபமா?”

“அப்பிடியும் வச்சுக்கலாம்.”

“கண்ணு தொறந்துல்லா இருக்கு?”

“பலாமரத்துல அணில் ஓடுகு. அதையும் பாக்கண்டாமா?”

அணில் பார்ப்பது எந்தக் கணக்கில் ஜெபமாகும் என்று எனக்குப் புரியவில்லை. பதிவேட்டில் அம்மாவின் வரி காலியாகிக்கொண்டே போவது மட்டும் தெரிந்தது. யாராவது ஏதாவது செய்தாக வேண்டும். அந்த யாராவது நான்தான் என்று முடிவுசெய்ய எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

ஐந்தாம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை மண்டபத்தில் பெண்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். அம்மாவிடம் மிச்சமிருந்தது அந்தச் செயலாளர் பதவியும் அதோடு வரும் வெள்ளிக்கிழமை ஜெபப் பொறுப்பும்தான். அதையும் அன்றைக்கு விடப்போகிறாள் என்று வீட்டிலேயே சொல்லியிருந்தாள். காலையில் சேலை கட்டும்போது பாடிக்கொண்டிருந்தாள். அம்மா கண்ணாடி முன்னால் நின்று பாடி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

போதகரின் மனைவியான போதகரம்மாதான் சங்கத் தலைவி. அவர் அம்மாவின் ராஜினாமாக் கடிதத்தை வாசித்தார். ஏழு வருஷம் உழைத்ததற்கு நன்றி சொன்னார். பிறகு, “அப்போ புது செயலாளரா யாரு வாறிய?” என்று கேட்டார்.

மண்டபத்தில் இருந்த அத்தனை பெண்களும் ஒரே சமயத்தில் தரையில் எதையோ தொலைத்துவிட்டவர்கள்போலக் குனிந்தார்கள். ஒருவர் கைப்பையைத் திறந்து மூடினார். ஒருவருக்கு முட்டுவலி என்றார்கள். இன்னொருவருக்கு மாமியார். பிறகு அந்த முட்டுவலியும் மாமியாரும்கூட ஓய்ந்து, மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

அமைதியை என்னால் தாங்க முடியாது. வேத வினாடி வினாவில் கேள்வி முடியுமுன்பே பஸ்ஸரை அழுத்துகிறவள் நான். பாதி விடை தப்பாக இருக்கும். வேகத்துக்காகக் கைதட்டு கிடைக்கும். இன்றைக்கும் அது தீரவில்லை. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு மூன்று வாட்ஸ்அப் குழுக்களுக்கு அட்மினாக இருக்கிறேன், ஒன்றுக்கும் யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அன்றும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கடைசி வரிசையில் இருந்து கை தானாக மேலே போயிற்று.

“எங்கம்மாவே இருப்பாவ. அவியளுக்கு இப்பம் ஒரு சோலியும் கெடையாது. சாயங்காலம் துணி துவைக்குத கல்லுல சும்மாதான் இருக்காவ.”

மண்டபம் முழுக்கச் சிரித்தது. வேலையிலிருந்து தப்பித்தவர்களின் சிரிப்பு அது. கைதட்டத் தொடங்கினார்கள். “கொழந்த வாயால கர்த்தரே பேசிட்டாரு. இதுக்கு மேல நாம என்ன பேச? ஜெபிப்போம்,” என்றார் போதகரம்மா. எல்லாரும் கண்ணை மூடியாயிற்று. கர்த்தர் பேசியதை யார் மறுத்துப் பேச முடியும்?

நான் கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தேன். சந்தோஷப்படுவாள் என்றுதான் பார்த்தேன். முந்தானையின் நுனியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த ஐந்து வாரத்தில் அவள் முகத்தில் வந்து சேர்ந்திருந்த ஏதோ ஒன்று, அணில் பார்க்கும்போது இருக்குமே அது, கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. தப்பு செய்துவிட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஜெபம் தொடங்கி இரண்டு வாக்கியம் போயிருக்கும். அம்மா எழுந்து நின்றாள்.

“கொஞ்சம் பொறுக்கணும்,” என்றாள்.

கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

“பிள்ள சொன்னது நெசந்தான். சாயங்காலம் நான் சும்மாதான் இருக்கேன். ஆனா நான் ஒண்ணு சொல்லணும். வெள்ளிக்கிழம ஜெபத்துக்கு ஏழு வருசமா ஆள் கூப்பிடுகேன், பாய் விரிக்கேன், கஞ்சி வைக்கேன். அதுல ஒரு வெள்ளிக்கிழமயாவது நான் ஜெபம் பண்ணினதா எனக்கு ஓர்ம இல்ல. கண்ண மூடினா, கஞ்சிக்கு உப்பு போட்டமா இல்லியான்னுதான் வரும். இந்த லெந்துலதான் ஆண்டவருகிட்ட ரெண்டு வார்த்த பேசிட்டிருக்கேன். அத விட எனக்கு மனசில்ல. அதனால எனக்கு வேண்டாம்.”

எங்கள் சபையில் ‘முடியல்ல’ என்பார்கள். நேரமில்லை என்பார்கள், சுகமில்லை என்பார்கள். ‘வேண்டாம்’ என்று ஒருவர் எழுந்துநின்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. போதகரம்மாவும் கேட்டிருக்க மாட்டார். ஜெபத்துக்கு ஏந்திய கைகளை இறக்க மறந்து நின்றார்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அங்கன்வாடி அக்காதான் கடைசியில் வாயைத் திறந்தார். “நோட்டு எழுதத் தெரிஞ்சாப் போதுமா?”

“போதும், போதும்,” என்றார் போதகரம்மா.

“அப்பம் நான் எழுதுகேன். ஆனா கஞ்சி வைக்க மாட்டேன், இப்பளே சொல்லிட்டேன்.”

“கஞ்சி வேண்டாம். வெந்நி போதும்,” என்றார் போதகரம்மா. இந்தத் தடவை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. யாரோ, “நான் ஒருநாள் கஞ்சி கொண்டாறேன்,” என்றார்கள். இன்னொருவர், “அடுத்த வெள்ளிக்கு நான்,” என்றார்.

திரும்பும்போது ஸ்கூட்டியில் அம்மாவின் முதுகில் முகத்தை வைத்து அழுதுகொண்டே வந்தேன். அடி விழும், குறைந்தபட்சம் ஏச்சு விழும் என்று எதிர்பார்த்தேன். வழியில் வருகிற தாமரைக்குளத்தின் கரையில் அம்மா வண்டியை நிறுத்தினாள்.

“பெட்ரோல் தீந்துட்டா?”

“இல்ல.”

“பின்ன?”

“எறங்கு.”

குளத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தோம். நல்ல வெயில். அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். “நீ எதுக்கு மக்கா கை தூக்கின?”

“எல்லாத்தையும் விட்டுட்டிய. செகரட்டரியும் இல்லேன்னா பின்ன நீங்க யாரும்மா?”

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சத்தமில்லாமல், தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும். “அதத்தான் நானும் அவரிட்ட கேட்டுட்டு இருக்கேன்.”

“அவரு என்ன சொன்னாரு?”

“இன்னும் ஒண்ணும் சொல்லல்ல,” என்றாள் அம்மா. “அவசரம் இல்லியாம்.”

வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் அம்மா நடு அறையில் பாயை விரித்துப் படுத்தாள். படுத்ததும் தூங்கிப்போனாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா படுத்து நான் பார்த்ததே கிடையாது. வாய் லேசாகத் திறந்திருந்தது. காலில் செருப்பின் வார் பதிந்த தடம் இருந்தது. அப்பா வந்து எட்டிப் பார்த்தார், டி.வி.யை அணைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததைப் பார்க்க எனக்குக் கோபமாக வந்தது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சபையில் கேட்டவர்கள் சொன்னது சரிதான். அம்மாவுக்கு உடம்புக்கு ஏதோ இருக்கிறது, மறைக்கிறார்கள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். சூடு இல்லை. கழுத்தில் வைத்துப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. சுகமாக இருக்கிற ஒருவர் பட்டப்பகலில் இப்படித் தூங்குவார் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பாயின் ஓரத்தில் முழங்காலிட்டேன். ஆண்டவரே, அம்மாவைப் பழையபடி ஆக்கித் தாரும், பாட்டையும் கூட்டத்தையும் எல்லாவற்றையும் திருப்பிக் கொடும் என்று விம்மி விம்மிக் கேட்டேன். அவ்வளவு மனதுருகி அதற்கு முன்னால் நான் எதையும் கேட்டதில்லை. அம்மா தூக்கத்திலேயே கையை நீட்டி, என்னை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.